புறாவுக்கு ஒரு குவளைத் தண்ணீர்

நாவலில் ஓர் அத்தியாயம் நகர மாட்டேன் என்று அடம் பிடித்துக் கொண்டிருந்தது. அந்த மாதிரிச் சமயங்களில் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்துப் போய்விடுவது என் வழக்கம். தாமிரபரணிக் கரையில் பிறந்தவனுக்கு அப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமில்லை. சென்ற பங்குனியில் ஒரு நாள் மணிமுத்தாறு அணைக்குப் போய்ச் சேர்ந்தேன். காமராஜர் முதலமைச்சராக இருந்த நாளில் எழுந்த அணை அது. நிறைந்தால் 118 அடி. கொள்ளளவு 5,511 மில்லியன் கன அடி. மேலே மாஞ்சோலை மலை. கீழே நெல்லும் வாழையும். மனம் குளிர இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் அன்று மனம் குளிரவில்லை. அதற்குக் காரணம் சாலையோரம் வெயிலில் நின்ற ஒரு சரக்கு வண்டி. நம் ஊரில் ‘குட்டி யானை’ என்று செல்லமாகச் சொல்கிறார்களே, அந்த ஜாதி. கோழி ஏற்றுகிற நீல நிறப் பிளாஸ்டிக் கூண்டுகளை அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கோழிதான் போகிறது என்று நினைத்துத் தாண்டிப் போனேன். உள்ளேயிருந்து வந்த சத்தம் கோழிச் சத்தம் இல்லை. திரும்பி வந்து பார்த்தேன். அத்தனையும் புறாக்கள்.

ஒரு கூண்டுக்கு முப்பதுக்குக் குறையாது. எல்லாம் அலகைத் திறந்துகொண்டு, தொண்டை படபடக்க மூச்சு வாங்கிக் கொண்டிருந்தன. மேல் கூண்டுப் புறாக்களின் எச்சம் கீழ்க் கூண்டுப் புறாக்களின் முதுகில் காய்ந்து போயிருந்தது. பக்கத்து டீக்கடையில் இரண்டு இளைஞர்கள் டீ குடித்துக் கொண்டிருந்தார்கள். தூத்துக்குடிக்காரர்கள். பந்தயத்துக்குப் பழக்குவதற்காகப் புறாக்களைக் கொண்டு வந்திருந்தார்கள். இங்கிருந்து தூத்துக்குடி வான்வழியாக ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கூட்டாளிகளின் இன்னொரு வண்டி சேரன்மகாதேவி தாண்டி வந்துகொண்டிருக்கிறதாம். அது வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துத் திறந்துவிடுவார்களாம்.

“எப்போது தம்பி கூண்டில் அடைத்தீர்கள்?” என்று கேட்டேன்.

“நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு அண்ணாச்சி. விடியமுன்ன வந்திருப்போம். வண்டி பஞ்சர் ஆயிட்டு.”

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்று.

“தண்ணீர் காட்டினீர்களா?”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். விவரம் தெரியாத பெரியவரிடம் சிரிக்கும் மரியாதையான சிரிப்பு. “பறக்கப் போற பறவைக்குத் தண்ணி குடுத்தா வயிறு கனத்துரும்லா அண்ணாச்சி? தாகத்தோட இருந்தாத்தான் வீட்டைப் பாத்து விரட்டிக்கிட்டு வரும்.”

அவருக்குப் பின்னால் கோடிக்கணக்கான கன அடி கொள்ளும் நீர்த்தேக்கம் இருந்தது.

அந்த இளைஞர் கொடியவர் இல்லை. ஒவ்வொரு புறாவையும் அவருக்குத் தெரியும். இதன் தாய் எது, தகப்பன் எது, எந்த வருஷம் எங்கேயிருந்து வந்து சேர்ந்தது என்றெல்லாம் கேட்காமலே சொன்னார். வீட்டில் இவற்றுக்கு வாங்கும் தானியத்துக்காகத் தாயாரிடம் திட்டு வாங்குகிறவர். புறாவின் மேல் உயிரையே வைத்திருக்கும் ஒரு மனிதர், அதைப் பதினெட்டு மணி நேரம் தண்ணீரில்லாமல் அடைத்து வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு டீ குடிக்கிறார். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதனால்தான் நாவலை அப்படியே விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

வாசகர்களில் பலருக்குப் புறாப் பந்தயம் என்று ஒன்று இருப்பதே 2015-ல் வந்த ‘மாரி’ படத்தைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும். இதில் இரண்டு விதம் உண்டு. வீட்டு மாடியிலிருந்து கிளம்பி அந்த வட்டாரத்துக்கு மேலேயே மணிக்கணக்கில் பறப்பது ஒன்று. தொலைவில் கொண்டுபோய் விட, அங்கிருந்து வழி கண்டுபிடித்து வீடு திரும்புவது மற்றொன்று. இரண்டாவது வகைப் புறாவை ‘ஹோமர்’ என்பார்கள். சென்னைப் பந்தயக்காரர்கள் தங்கள் ஹோமர்களை வடக்கே நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா என்று படிப்படியாகக் கொண்டுபோய், நாக்பூர் வரையிலும் அதற்கு அப்பாலும் விடுகிறார்கள். நாக்பூர் என்றால் நேர்கோட்டிலேயே 900 கிலோமீட்டர். தெற்கே தூத்துக்குடியிலும் இந்தப் பைத்தியம் உண்டு. பைத்தியம் என்று நான் சொல்வது பாராட்டு. சங்கீதப் பைத்தியம், புத்தகப் பைத்தியம் போல இதுவும் ஒன்று.

புறா திரும்பி வருவதைப் பற்றி எல்லோரும் வியக்கிறோம். சூரியனைப் பார்க்கிறது, பூமியின் காந்தத்தை உணர்கிறது, வாசனையை அறிகிறது, ஆற்றையும் சாலையையும் அடையாளம் வைத்துக்கொள்கிறது என்று விஞ்ஞானிகள் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் திரும்பி வருவதற்கு முன்னால் அது போக வேண்டுமே! அந்தப் போகிற பிரயாணத்தைப் பற்றி யாராவது வியந்ததுண்டா? வருவது அதன் திறமை; போவது நம் பொறுப்பு. பந்தயம் வானத்தில் தொடங்குவதாகச் சொல்கிறார்கள். கூண்டின் கதவைச் சாத்துகிற நிமிஷத்திலேயே அது தொடங்கிவிடுகிறது என்பது என் கட்சி. பாதிப் பந்தயங்கள் கூண்டுக்குள்ளேயே தோற்றுப் போகின்றன.

ஏன் என்று சொல்கிறேன். மனித உடம்பின் சூடு 37 டிகிரி. புறாவுக்கு 41 டிகிரியை ஒட்டி. நமக்கு வெயில் ஏறினால் வேர்க்கிறது. புறாவுக்கு வேர்வைச் சுரப்பியே கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத் தொண்டையைப் படபடக்கச் செய்தும், தோல் வழியாக ஈரத்தை ஆவியாக வெளியேற்றியும்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். இரண்டு வழிக்கும் செலவாவது உடம்பிலுள்ள தண்ணீர். வரவு நின்று செலவு மட்டும் நடந்தால் எந்தக் குடும்பம் தாங்கும்? முப்பது புறாக்களை ஒரு பெட்டியில் நெருக்கி அடைத்தால், ஒவ்வொன்றின் மூச்சுச் சூடும் அடுத்ததன் மேல் படுகிறது. எச்சத்திலிருந்து கிளம்பும் நெடி கண்ணையும் மூச்சுக் குழலையும் எரிக்கிறது. தார்ப்பாய் காற்றை மறைக்கிறது. ஓடும் வண்டியிலாவது கொஞ்சம் காற்று உண்டு. நின்ற வண்டியில் அதுவும் இல்லை. வெயிலில் நிற்கும் வண்டி, புறாவைப் பொறுத்தவரையில், அடுப்பில் ஏற்றிய பாத்திரம்தான்.

இனி அந்தத் தம்பியின் வாதத்துக்கு வருவோம். வயிறு கனக்கும் என்றார். தீனி விஷயத்தில் அதில் நியாயம் உண்டு. கிளம்புவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் பயறும் கடலையுமாகத் திணித்தால், பிரயாண அதிர்ச்சியில் அது செரிக்காமல் இரைப்பையிலேயே கிடந்து புளிக்கும். கடைசித் தீனி எளிதில் செரிக்கும் சிறு தானியமாக, அளவாக, சில மணி நேரம் முன்னதாகவே இருக்க வேண்டும். லேசான பசியோடு விட்டால் புறா வீட்டுத் தீனியை நினைத்து விரைந்து வரும் என்பதும் அனுபவஸ்தர்கள் ஒப்புக்கொண்டது. ஆனால் பசி வேறு, தாகம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்ததுதான் நம்மவர்கள் செய்த பெரும் பிழை. பசித்த புறா வீட்டை நினைக்கும். தாகித்த புறா தண்ணீரை நினைக்கும். முதலில் கண்ணில் படுகிற தண்ணீரில் இறங்கும்.

அன்றைக்கு அதைக் கண்ணாலேயே பார்த்தேன். இரண்டாவது வண்டியும் வந்து, கூண்டுகளைத் திறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சிறகுகள் ஒரே சமயத்தில் அடித்த சத்தம் கேட்க உடம்பு சிலிர்த்தது. ஒரு வட்டம், இரண்டு வட்டம், பிறகு கிழக்கு. எவ்வளவு அழகு! ஆனால் ஏழெட்டுப் புறாக்கள் கூட்டத்திலிருந்து கழன்று, நேரே நீர்த்தேக்கத்தின் விளிம்பில் போய் இறங்கின. “போச்சு” என்றார் தம்பி. ஏன் போச்சு என்று அவருக்கும் தெரியும். தனியே தரையில் இறங்கி, களைத்துப்போய்த் தண்ணீர் குடிக்கும் புறா, பூனைக்கும் நாய்க்கும் வல்லூறுக்கும் வீசிய விருந்து. எழுந்தாலும் கூட்டம் போய்விட்டது. தனியாகத் தான் வழி தேட வேண்டும்.

பந்தயக்காரர்களின் நோட்டுப் புத்தகத்தில் இப்படிப்பட்ட புறாக்களுக்கு நேராக ‘வரவில்லை’ என்று எழுதுவார்கள். கேட்டால், “வல்லூறு அடிச்சிட்டு” என்பார்கள். வல்லூறு நம்மோடு வழக்காட வராது. அதனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போடலாம். இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு முகம் வெளுத்துவிடும். ஏனென்றால் அதே பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆறாம் வகுப்புப் படித்துக் கொண்டிருந்தேன். கல்லிடைக்குறிச்சியில் என் பெரியம்மை மகன், எனக்கு அண்ணன், புறா வளர்த்தான். பந்தயம் எதுவும் இல்லை, வெறும் ஆசை. விடுமுறைக்கு நான் திருநெல்வேலியில் மாமா வீட்டுக்குப் புறப்பட்டபோது, இரண்டு புறாக்களை ஓர் ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்து, “கொக்கிரகுளம் படித்துறையில் கொண்டுபோய் விடு. எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று நான் பார்க்கிறேன்” என்றான். பெட்டியின் மூடியைக் கொஞ்சம் திறந்து வைக்கவும் சொன்னான். புறா பறந்துவிடுமே என்ற பயத்தில் நான் மூடியை நன்றாக அழுத்தி, மேலே ஒரு துண்டையும் சுற்றிக் கட்டினேன். பஸ்ஸில் கூட்டம். மடியில் வைத்துக்கொள்ள இடமில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடியிருக்கும் மேடை காலியாக இருந்தது. அதன்மேல் பெட்டியை வைத்துவிட்டு, நிம்மதியாக ஜன்னல் வழியே வயல் பார்த்துக்கொண்டு வந்தேன்.

படித்துறையில் பெட்டியைத் திறந்தபோது ஒரு புறா தள்ளாடி எழுந்து பறந்து போயிற்று. மற்றது எழுந்திருக்கவில்லை. கையில் எடுத்தேன். அது இன்னும் சூடாக இருந்தது. உயிர்ச் சூடு என்று நினைத்து ஆற்றுத் தண்ணீரை அதன் அலகில் விட்டேன். தண்ணீர் வழிந்து கீழே விழுந்தது. அது எஞ்சின் சூடு.

அண்ணனிடம், “இரண்டையும் விட்டேன், அண்ணா. ஒன்று வரவில்லையா? வல்லூறு அடித்திருக்கும்” என்று சொன்னேன். அவன் நம்பினான். ஆனாலும் நான் ஊர் திரும்பிய பிறகுகூட, சாயங்கால வேளைகளில் மொட்டை மாடியில் நின்று கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பொய்யை அவனிடம் திருத்தாமலே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன். இப்போது அவன் இல்லை. ஆகவே வாசகர்களிடம் சொல்கிறேன்: அந்தப் புறாவை வல்லூறு அடிக்கவில்லை. நான்தான் கொன்றேன். விளையாட்டுப் பிள்ளை செய்த தப்பு என்று என்னை நீங்கள் மன்னிக்கலாம். பதினொரு வயதுப் பையன் அறியாமல் செய்ததை, மீசை முளைத்த மனிதர்கள் சங்கம் வைத்து, சந்தா கட்டி, கோப்பை கொடுத்துச் செய்கிறார்களே, அதை எப்படி மன்னிப்பது?

‘இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?’ என்று கேட்பீர்கள். உண்டு. சென்னை அடையாற்றில் கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் பயனாக, 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. மனிதன் அல்லாத எந்த ஜீவனும் அந்தச் சட்டத்தில் மிருகம்தான், புறாவும் சேர்த்தி. தேவையில்லாத துன்பம் உண்டாகும்படி ஓர் உயிரை ஏற்றிச் செல்வது குற்றம்; அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும் குற்றம். அந்தக் குற்றத்துக்குச் சட்டம் எழுதிய அபராதம் என்ன தெரியுமா? முதல் தடவைக்குப் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அன்று டீக்கடையில் அந்த இரண்டு தம்பிகளும் குடித்த டீக்கும் தின்ற வடைக்கும் இதைவிட அதிகம் ஆகியிருக்கும்.

சட்டத்தின் கீழே, மிருகங்களை ஏற்றிச் செல்வதற்கென்றே 1978-ல் விதிகள் வந்தன. பறவைகளுக்கான அத்தியாயத்தை 2001-ல் சேர்த்தார்கள். ஏற்றுவதற்கு முன் தீனியும் தண்ணீரும் தர வேண்டும். கூண்டிலேயே தொட்டி பொருத்த வேண்டும். வெயில் காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் காட்ட வேண்டும். ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் அடைக்கக் கூடாது. எவ்வளவு நல்ல விதிகள்! ஆனால் கோழி, வாத்து, வான்கோழி, காடை, கினிக்கோழி என்று பெயர் சொல்லிப் போகும் அந்தப் பட்டியலில் புறாவின் பெயர் இல்லை. கறிக்கடைக்குப் போகும் கோழிக்கு ஆறு மணிக்கு ஒரு தரம் தண்ணீர் என்று எழுதிய நாடு, 900 கிலோமீட்டர் பறந்து வந்து கோப்பை வாங்கித் தரப் போகும் புறாவை மறந்துவிட்டது. எழுதிய விதி எத்தனை கோழி வண்டிகளில் நடக்கிறது என்று கேட்காதீர்கள். அது வேறு கட்டுரை.

‘பணக்கார நாட்டுச் சமாசாரமெல்லாம் நமக்கு எதற்கு?’ என்று ஒரு சிநேகிதர் கேட்டார். பெல்ஜியத்தில் ‘நியூ கிம்’ என்ற ஒரு பெண் புறாவை 2020-ல் 16 லட்சம் யூரோவுக்கு ஏலத்தில் எடுத்தார்கள். அங்கே புறாக்களை ஏற்றிச் செல்வதற்கென்றே காற்றோட்டமும் தண்ணீர்க் குழாயும் வைத்துக் கட்டிய பெரிய லாரிகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005-ஆம் வருஷத்து விதிப்படி, 12 மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணமானால் வளர்ப்புப் பறவைகளுக்குத் தீனியும் தண்ணீரும் கிடைத்தாக வேண்டும். அது குளிர் நாடு. நம் பங்குனி வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் என்பதே அதிகம்.

பணக்கார நாடு வேண்டாம். ஒரிஸ்ஸாவைப் பார்ப்போம். அங்கே காவல்துறை, இராணுவத்திடமிருந்து புறாக்களை வாங்கி 1946-ல் கோராபுட் மலைப் பிரதேசத்தில் செய்தி அனுப்பும் பிரிவு ஒன்றை ஆரம்பித்தது. 1948 ஏப்ரல் 13-ஆம் தேதி, சம்பல்பூரிலிருந்த நேரு கட்டாக்குக்கு ஒரு செய்தியைப் புறா மூலம் அனுப்பினார். அன்றே அது போய்ச் சேர்ந்தது. 1982 வெள்ளத்திலும் 1999 பெரும் புயலிலும், கம்பியும் கம்பமும் சாய்ந்த நேரத்தில் புறாக்கள் சேதி சுமந்தன. இன்று அந்தச் சேவை ஓய்ந்துவிட்டது. ஆனால் அது நடந்த காலத்தில் அந்தப் புறாக்களைப் பராமரிப்பதற்கென்றே காவலர்களை நியமித்திருந்தார்கள். அந்த அரசாங்கம் பணத்தில் புரளவில்லை. புறா களைத்துப் போனால் சேதி போகாது என்று அதற்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? கோபித்துக்கொள்வது சுலபம், வழி சொல்ல வேண்டாமா? பல வருஷங்களாகப் புறா வளர்க்கும் பெரியவர்களிடம் பேசியும், மருத்துவர்கள் எழுதியதைப் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எதுவும் பெரிய செலவில்லை.

முதலாவது, வண்டியில் ஏறத் தகுதியில்லாத புறாவை ஏற்றாதீர்கள். மூக்கு ஒழுகுவது, எச்சம் பச்சைத் தண்ணீராகப் போவது, இறகு உதிர்ந்து முளைப்பது எல்லாம் வீட்டில் இருக்கட்டும். அம்மைக்கும், கழுத்தைத் திருகி ஆளைக் கொல்லும் பாராமிக்ஸோ நோய்க்கும் தடுப்பூசி உண்டு. பத்துப் பேருடைய புறாக்கள் ஒரே தொட்டியில் வாய் வைக்கும்போது, ஒன்றின் வியாதி பத்து வீட்டுக்கும் போகும். போன வாரத்துக் கூண்டைக் கழுவி வெயிலில் காயவைக்காமல் இந்த வாரம் புறாவை அடைக்கிறவர், புறாவோடு வியாதியையும் சேர்த்துத்தான் அனுப்புகிறார்.

இரண்டாவது, கூண்டு. கோழிக் கூண்டு கோழிக்கு. புறாவுக்குக் கூரை தாழ்வாக இருக்க வேண்டும்; உயரம் இருந்தால் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறும். நாலு பக்கமும் காற்று வர வேண்டும். ஒவ்வொன்றும் மற்றதை மிதிக்காமல் உட்கார இடம் வேண்டும். தரை அடைத்ததாக, மேலே மரச்சீவலோ கோணியோ விரித்ததாக இருந்தால் எச்சத்தின் ஈரத்தை அது குடிக்கும். கீழே இருப்பவை பிழைக்கும். சேவலையும் பெட்டையையும் பிரித்து வையுங்கள். இல்லாவிட்டால் இரவெல்லாம் கொஞ்சலும் சண்டையுமாகத் தூக்கம் கெட்டுப் பொழுது விடியும்.

மூன்றாவது, தண்ணீர். கோழி ஒரு வாய் எடுத்துத் தலையை நிமிர்த்தி விழுங்கும். புறா அப்படியல்ல, அலகை மூக்குத் துளை வரையில் முக்கி, மாடு குடிக்கிற மாதிரி உறிஞ்சும். ஆகவே தட்டில் மேலாகத் தண்ணீர் ஊற்றி வைத்தால் அது குடித்ததாகாது. கூண்டின் வெளிப்புறத்தில் கொஞ்சம் ஆழமான தொட்டியை மாட்டி, தலையை நீட்டிக் குடிக்கும்படி வைக்க வேண்டும். இதைக் குஞ்சுப் பருவத்திலேயே வீட்டில் பழக்க வேண்டும். ஒரு ராத்திரி கூண்டில் வைத்து, அந்தத் தொட்டியிலேயே தண்ணீர் காட்டினால் போதும். பழகாத புறா, தண்ணீர் கண்ணெதிரே இருந்தாலும் அது தனக்கென்று தெரியாமல் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும்.

நான்காவது, வண்டி. இரவில் ஓட்டுங்கள். கூண்டு அடுக்குகளுக்கு நடுவே கை நுழையும் அளவு சந்து விடுங்கள். தார்ப்பாய் மழைக்கும் வெயிலுக்கும், காற்றுக்கு அல்ல. எஞ்சின் புகை உள்ளே வருகிறதா என்று நீங்களே ஒரு பத்து நிமிஷம் அந்த இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். டீக்கடை வந்தால் உங்களுக்கு டீ, அதற்குத் தண்ணீர், வண்டி நிழலில். போய்ச் சேர்ந்தவுடன் கதவைத் திறக்காதீர்கள். தண்ணீர் காட்டி, நிழலில் ஓய்வு கொடுத்து, வானமும் காற்றும் வழியெல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்து, விடியற்காலையில் விடுங்கள். புறா பகல் பறவை. முழுப் பகலையும் அதற்குக் கொடுங்கள். விடிய விட முடியவில்லையென்றால், வெயில் ஏறிய பிறகு ‘வந்ததற்கு விட்டுவிட்டுப் போவோம்’ என்று திறக்காதீர்கள். மறுநாள் விடியும் வரை காத்திருங்கள். காத்திருக்க நேரமில்லாதவர் பந்தயத்துக்கு வர வேண்டாம்.

பந்தயம் நடத்தும் சங்கங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வந்த புறாவுக்கு நேரம் குறிக்கிறீர்கள்; வராத புறாவுக்குக் காரணம் குறியுங்கள். எத்தனை மணிக்கு அடைத்தது, எத்தனை தரம் தண்ணீர் காட்டியது, எத்தனை மணிக்கு விட்டது, எத்தனை வரவில்லை என்று நாலு வரி. அதைப் பரிசளிப்பு விழாவில் எல்லோர் முன்னிலையிலும் படியுங்கள். அடுத்த வருஷம் வல்லூறுகள் செய்த கொலைகள் எவ்வளவு குறைந்துவிட்டன என்று நீங்களே அதிசயப்படுவீர்கள்.

இன்னொரு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். ‘இந்தக் கஷ்டமெல்லாம் எதற்கு? பந்தயத்தையே தடை செய்துவிட்டால் போகிறது’ என்பவர்கள். அவர்களுடைய இரக்கத்துக்கு வணக்கம். ஆனால் நான் அந்தக் கட்சியில் சேரவில்லை. தடை வந்தால் பந்தயம் நிற்காது, இருட்டுக்குப் போகும். இருட்டில் போகிற வண்டியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று யார் பார்ப்பது? தவிர, கிழக்கே திரும்பிய அந்தக் கூட்டத்தை நான் பார்த்தேன். அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஜீவன் தன் வீட்டை நோக்கிப் பறப்பதைப் போல நம் மனத்தை நிறைக்கிற காட்சி உலகத்தில் அதிகம் இல்லை. அந்தக் காட்சியை வேண்டுகிறவர்கள் அதற்குரிய விலையைக் கொடுக்கட்டும்.

விலை என்ன? புறாவுக்காகத் தன் தொடைச் சதையை அரிந்து தராசில் வைத்த சிபியின் கதை நமக்குப் பழைய கதை. சோழர்களைச் சிபியின் வழிவந்தவர்கள் என்றும் செம்பியர் என்றும் பாடி மகிழ்ந்த தமிழ் இது. அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர்கள் நம்மில் யார்? பந்தயக்கார நண்பர்களே, உங்களிடம் யாரும் சதை கேட்கவில்லை. தண்ணீர் கேட்கிறேன்.

மணிமுத்தாற்றுக் கதையை முடிக்கவில்லையே! எல்லாப் புறாக்களும் போன பிறகு, ஒரு கூண்டின் மூலையில் சாம்பல் நிறப் பெட்டை ஒன்று எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது. தம்பி அதைக் கையில் எடுத்தார். “ஏட்டி, என்னட்டி ஆச்சு ஒனக்கு?” என்றார். குரல் உடைந்திருந்தது. விறுவிறு என்று டீக்கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு டீக் கிளாஸைக் கழுவி நிறையத் தண்ணீர் ஊற்றி நீட்டினார். புறா முதலில் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு அலகை மூக்கு வரையில் முக்கியது. எடுக்கவே இல்லை. கிளாஸில் தண்ணீர் இறங்குவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கால் கிளாஸுக்கு மேல் குறைந்த பிறகுதான் தலையைத் தூக்கிற்று.

“இவ்வளவு தாகமா இருந்திருக்கே, அண்ணாச்சி” என்றார் தம்பி. என்னிடம் சொன்னாரோ, தமக்கே சொல்லிக்கொண்டாரோ தெரியாது. அந்தப் புறாவை அவர் அன்று பறக்கவிடவில்லை. வண்டியில் முன்னால் தம் மடியிலேயே வைத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டார்.

டீக்கு நான் காசு கொடுத்தேன். தண்ணீருக்குக் கடைக்காரர் காசு வாங்கவில்லை.